வளரிளம் பருவ நலனில் எதை முதலில் ஆராய்வது? சிஎச்என்ஆர்ஐ முறை குறித்து ஒரு மதிப்புரை

எந்த ஆய்வுக் கேள்விகளுக்கு முன்னுரிமை தருவது என்பதை வல்லுநர்கள் இடும் மதிப்பெண்களை வைத்து வரிசைப்படுத்தும் சிஎச்என்ஆர்ஐ (CHNRI) முறையை யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உரிமமோ சந்தாவோ தனி மென்பொருளோ கிடையாது. வழிமுறைகளை விளக்கும் கட்டுரைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு மின்னஞ்சல் பட்டியலும் ஓர் எக்செல் தாளும் கையில் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். ஆனாலும் இதைப் பயன்படுத்துவோர் செலவிடுவது எளிதில் திரும்பக் கிடைக்காத ஒன்றை, அதாவது துறை அறிந்தவர்களின் நேரத்தையும், அந்த நேரத்தின் முடிவில் வெளிவரும் பட்டியலை நம்பி நிதியளிப்போர் ஒதுக்கும் பணத்தையும். எனவே மற்ற எந்தக் கருவியையும் போலவே இதையும் எடுத்துப் பார்த்து, எங்கே நன்றாக வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்று சொல்வது தேவையாகிறது. இத்தகைய முன்னுரிமைத் தேர்வு ஒன்றில் மதிப்பெண் இட்டவன் என்ற முறையிலும், வெளியாகும் பட்டியல்களைத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையிலும் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேள்விகள் கைக்கு வந்துவிட்ட பிறகு அவற்றை வரிசைப்படுத்துவதற்கு இதைவிட நேர்மையான, சிக்கனமான முறை எனக்குத் தெரிந்து இல்லை, ஆனால் அந்தக் கேள்விகளைத் திரட்டுவதற்கும், வரிசை வந்த பிறகு அதை நடைமுறைக்குக் கொண்டுசெல்வதற்கும் இந்த முறையை மட்டுமே நம்பியிருப்பவர்கள், வளரிளம் பருவத்தைப் பொறுத்தவரையில், முக்கியமான சிலவற்றைத் தவறவிடுவார்கள்.

முன்னுரிமை வகுக்கும் தேவை ஏன் இந்தப் பருவத்துக்கு மற்றவற்றைவிடக் கூடுதலாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் கருவியைச் சரியாக எடைபோட முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 10 முதல் 19 வயது வரையிலானோர் வளரிளம் பருவத்தினர். யுனிசெஃப் கணக்கில் இவர்கள் ஏறத்தாழ 130 கோடிப் பேர். உலக மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் சுகாதார ஆய்வின் பெருங்கவனம் நெடுங்காலமாக ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மீதும், பிரசவ வயதுப் பெண்கள் மீதும், முதியோரின் நாட்பட்ட நோய்கள் மீதும்தான் இருந்துவந்தது. இடைப்பட்டவர்கள் ஆரோக்கியமானவர்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற பொதுவான எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் 2021ஆம் ஆண்டில் மட்டும் 10 முதல் 24 வயதுக்கு உட்பட்டோரில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சாலை விபத்து, நீரில் மூழ்குதல், வன்முறை, தற்காயம் (தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது), பேறுகாலச் சிக்கல்கள் என்று இந்த இறப்புகளின் காரணங்களில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. 10 முதல் 19 வயது வரையிலானோரில் ஏழில் ஒருவருக்கு மனநலக் குறைபாடு இருப்பதாகவும் அதே நிறுவனம் சொல்கிறது.

தரவுகளின் நிலையோ இன்னும் மோசம். பல நாடுகளில் நடத்தப்படும் மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்புகள் 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் நேர்காணல் நடத்துகின்றன. குழந்தைகள் பற்றிய விரிவான கேள்விகள் ஐந்து வயதோடு நின்றுவிடுகின்றன. 2003இல் தொடங்கிய உலகளாவிய பள்ளி மாணவர் நலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களை எட்டுகிறது. ஆனால் அது பள்ளிக்கு வருகிறவர்களை மட்டுமே எட்டும். படிப்பை நிறுத்திவிட்ட பன்னிரண்டு வயதுச் சிறுமி இந்த இரண்டு வலைகளுக்கும் நடுவே விழுந்துவிடுகிறாள். ஒரு துறையில் தெரிந்தது குறைவாகவும் தெரியாதது மிகுதியாகவும் இருக்கும்போது, அடுத்து எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை யார் குரல் ஓங்கியிருக்கிறதோ அவர்களிடம் விட்டுவிடுவது ஆபத்தானது. சிஎச்என்ஆர்ஐ போன்ற முறைகள் பிறந்தது இந்த ஆபத்தைத் தவிர்ப்பதற்காகத்தான்.

முறையின் பெயர், குழந்தை நலம் மற்றும் ஊட்டச்சத்து ஆய்வு முன்முயற்சி என்ற அமைப்பின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளிலிருந்து வந்தது. இகோர் ருடானும் அவருடைய கூட்டாளிகளும் 2000களின் நடுப்பகுதியில் இதை வடிவமைத்தார்கள். அதற்கு முன்பு வழக்கத்தில் இருந்தது எளிது: பெயர்பெற்ற சிலரை ஓர் அறையில் உட்காரவைத்து, அவர்கள் பேசி முடித்ததும் எழுந்த ஒருமித்த கருத்தை அறிக்கையாக்குவது. அத்தகைய கூட்டங்களில் மூத்தவர் ஒருவர் வாயைத் திறந்தவுடன் மற்றவர்களின் கருத்து எந்தப் பக்கம் சாயும் என்பது கூட்டங்களில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். சிஎச்என்ஆர்ஐ இதை உடைத்தது. வல்லுநர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல், ஒருவர் இட்ட மதிப்பெண் மற்றவருக்குத் தெரியாமல், தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு ஆய்வுக் கேள்விக்கும் ஐந்து அளவுகோல்கள் வைக்கப்படுகின்றன: அதற்கு விடை காண முடியுமா, அந்த விடையிலிருந்து பிறக்கும் தலையீடு, அதாவது நலத்தைக் காக்க எடுக்கும் நடவடிக்கை, பலன் தருமா, அதை மக்களிடம் கொண்டுசேர்க்க முடியுமா, நோய்ச்சுமையை (நோயால் நேரும் இறப்பையும் துன்பத்தையும்) எவ்வளவு குறைக்கும், சமத்துவத்தை வளர்க்குமா. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0, விஷயம் தெரியும் ஆனால் முடிவுக்கு வர இயலவில்லை என்றால் 0.5, போதிய அறிவு இல்லை என்றால் வெற்றிடம். இவற்றின் சராசரி, அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணாக நூற்றுக்கு இத்தனை என்று வெளிவருகிறது.

இந்த எளிமையே முறையின் பெரிய வலிமை. எந்தக் கேள்வி ஏன் மேலே வந்தது, எந்த அளவுகோலில் அது சறுக்கியது என்பதை எவரும் பின்னோக்கிச் சென்று பார்க்கலாம். நிதியளிக்கும் அமைப்பு ஒன்று சமத்துவத்தை மற்ற நான்கையும்விட முக்கியமாகக் கருதினால், அந்த அளவுகோலுக்குக் கூடுதல் எடை கொடுத்துப் பட்டியலை மீண்டும் கணக்கிடலாம். வல்லுநர்களை மறுபடி தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. இப்படி எடையை மாற்றிப் பார்த்தும் முதல் பத்துக்குள் நிற்கும் கேள்விகள் எவை என்று பார்ப்பது, பட்டியலை நம்பலாமா என்பதற்கு நல்ல சோதனை. கூட்டத்தில் எழும் ஒருமித்த கருத்தை யாராலும் இப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது.

இனி மதிப்பெண்ணைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம், ஏனென்றால் முறையின் மிகப்பெரிய கண்ணி அங்கேதான் இருக்கிறது. இருபது பேர் மதிப்பிடும் மூன்று கேள்விகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் கேள்விக்கு ஓர் அளவுகோலில் 12 பேர் ஆம் என்கிறார்கள், 7 பேர் முடிவுக்கு வர இயலவில்லை என்கிறார்கள், ஒருவர் வெற்றிடம் விடுகிறார். இரண்டாம் கேள்விக்கு 15 பேர் ஆம், 3 பேர் இல்லை, ஒருவர் நடுநிலை, ஒருவர் வெற்றிடம். இரண்டுக்கும் கூட்டுத்தொகை 15.5, பதில் சொன்னவர்கள் 19 பேர், எனவே இரண்டுக்கும் மதிப்பெண் 82. ஆனால் முதலாவதை எதிர்ப்பவர் ஒருவர்கூட இல்லை, தயங்குபவர்கள் நிறைய. இரண்டாவதை மூன்று பேர் திட்டவட்டமாக மறுக்கிறார்கள். அட்டவணையில் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். மூன்றாம் கேள்வி இன்னும் சுவையானது. அதைப் பற்றி அறிந்தவர்கள் 8 பேர் மட்டுமே. மற்ற 12 பேரும் வெற்றிடம் விட்டுவிட்டார்கள். அந்த எட்டில் 7 பேர் ஆம், ஒருவர் இல்லை. மதிப்பெண் 87.5, மூன்றிலும் இதுவே முதலிடம். வெற்றிடங்கள் கணக்கிலிருந்து விலக்கப்படுவதால், ஒரு சிறு குழுவின் செல்லக் கேள்வி பொதுவான கேள்விகளைத் தாண்டி ஏறிவிட முடிகிறது.

முறையை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. சராசரி வல்லுநர் உடன்பாடு என்று இன்னோர் எண்ணையும் கணக்கிடச் சொல்கிறார்கள்: மிக அதிகமானோர் அளித்த விடையை மொத்த மதிப்பீட்டாளர்களில் எத்தனை பங்கினர் அளித்தார்கள் என்பது அது. நம்முடைய மூன்றாம் கேள்விக்கு அது 20இல் 7, அதாவது 35 விழுக்காடு. இரண்டாம் கேள்விக்கு 75 விழுக்காடு. இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஏமாற மாட்டோம். சிக்கல் என்னவென்றால், பட்டியல் வெளியாகும்போது எல்லோரும் படிப்பது வரிசையைத்தான்; உடன்பாட்டு எண் ஏதோ ஒரு பின்னிணைப்பில் உறங்கிக்கொண்டிருக்கும். மேலும், பெரும்பாலான கேள்விகள் மேல்பகுதியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதும் வழக்கம். வல்லுநர்கள் பொதுவாகத் தங்கள் துறைக் கேள்விக்கு இல்லை என்று எழுதத் தயங்குவார்கள். ஓர் எண் வேறுபாட்டில் நான்காம் இடத்துக்கும் பதினோராம் இடத்துக்கும் பிரியும் கேள்விகளை வேறுவேறு தரத்தவை என்று கருதுவது, எண்களின் மீது வைக்கும் தேவையற்ற நம்பிக்கை. முதல் பத்து என்று வெட்டாமல், மேல் மூன்றில் ஒரு பங்கு என்று ஒரு திரளாகப் பார்ப்பதே உசிதம் என்பது என் கருத்து.

வளரிளம் பருவத்துக்கு இந்த முறை எப்படிப் பொருந்துகிறது என்பதற்குச் சிறந்த சான்று, 2016இல் வெளியான, குறைந்த மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளுக்கான எட்டுத் துறை முன்னுரிமைத் தேர்வு. தொற்றுநோய்கள், காயமும் வன்முறையும், மனநலம், தொற்றா நோய்கள், ஊட்டச்சத்து, உடற்செயல்பாடு, போதைப் பொருள் பயன்பாடு, சுகாதாரக் கொள்கை ஆகியவை அந்த எட்டுத் துறைகள். பாலியல் மற்றும் இனப்பெருக்க நலனுக்கு 2013இலேயே தனித் தேர்வு நடந்துவிட்டதால் அது இதில் சேரவில்லை. 142 வல்லுநர்கள் 512 கேள்விகளை அனுப்பினார்கள். அவை தொகுக்கப்பட்டு 303 ஆகக் குறைக்கப்பட்டு மதிப்பெண்ணுக்குச் சென்றன. அளவுகோல்களும் சற்று மாற்றப்பட்டன: தெளிவு, விடை காணும் வாய்ப்பு, முக்கியத்துவம் அல்லது தாக்கம், நடைமுறைப்படுத்தல், சமத்துவம்.

தெளிவு என்பதை ஓர் அளவுகோலாகவே சேர்த்தது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். பள்ளிகளில் மனநலத் திட்டங்கள் பயன்தருமா என்று ஒருவர் எழுதி அனுப்பினால், அதற்கு இல்லை என்று மதிப்பெண் இட யாருக்கும் மனம் வராது. ஆனால் அதை வைத்து எந்த ஆய்வையும் தொடங்க முடியாது. எந்தத் திட்டம், யார் நடத்துவது, எந்த வயதினரிடம், எதனோடு ஒப்பிடுவது என்ற எதுவும் அதில் இல்லை. மாறாக, 12 முதல் 14 வயது மாணவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகளைக் குறைப்பதில், பயிற்சி பெற்ற ஆசிரியர் நடத்தும் வகுப்பு, வெளியிலிருந்து வரும் ஆலோசகர் நடத்தும் வகுப்புக்கு ஈடாகுமா என்று கேட்டால், நாளைக்கே ஓர் ஆய்வுத் திட்டம் எழுதலாம். இரண்டாவது கேள்வி கூர்மையானது என்பதாலேயே மறுப்புகளையும் ஈர்க்கும். ஆசிரியர்களுக்கு நேரம் ஏது என்று ஒருவர் 0 இடுவார். வகுப்பறையில் மாணவர்கள் மனம் திறப்பார்களா என்று இன்னொருவர் 0.5 இடுவார். தெளிவுக்குத் தனி மதிப்பெண் இல்லாவிட்டால் மங்கலான கேள்வியே மேலே போகும். தெளிவுக்கு மதிப்பெண் இருந்தபோதும் 512ஐ 303 ஆக்கிய தொகுப்புப் பணியில் எத்தனை கூர்மைகள் மழுங்கின என்பதை வெளியிலிருந்து பார்ப்பவரால் அறிய முடிவதில்லை. ஒத்த கேள்விகளை ஒன்றாக்குபவரின் கையில் இருக்கும் அதிகாரம், மதிப்பெண் இடுபவர் அனைவரின் அதிகாரத்துக்கும் குறைந்ததன்று. இந்த முறையைப் பயன்படுத்துவோர் மூலக் கேள்விகளையும் தொகுத்த கேள்விகளையும் அருகருகே வெளியிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன்.

மதிப்பீட்டாளரின் உழைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். 303 கேள்விகளை எட்டுத் துறைகளுக்குப் பங்கிட்டால் ஒரு துறைக்குச் சராசரி 38. ஐந்து அளவுகோல்களோடு பெருக்கினால் 190 கட்டங்கள். தாளின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு கேள்வியையும் இருமுறை படித்து நிரப்பும் கை, கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வியின் ஐந்து கட்டங்களிலும் ஒரே எண்ணை இட்டுச் செல்லத் தொடங்கிவிடும். கேள்விகளின் வரிசையை ஒவ்வொருவருக்கும் மாற்றி அனுப்பினால் இந்தச் சோர்வின் விளைவு எல்லாக் கேள்விகளுக்கும் பரவிச் சமனாகும். செய்வதற்கு எளிது, ஆனால் செய்பவர்கள் குறைவு.

அந்தத் தேர்வின் முடிவுகள் நிதியளிப்போருக்கு உண்மையில் உதவக்கூடியவை. எட்டுத் துறைகளின் முதல் பத்துக் கேள்விகளையும் சேர்த்து வகைப்படுத்தியபோது, 33 விழுக்காடு, தெரிந்த தலையீடுகளை மக்களிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பது பற்றியவை. 26 விழுக்காடு, பிரச்சினையின் பரவலையும் காரணங்களையும் விவரிக்கும் கேள்விகள். 25 விழுக்காடு, தலையீடுகளை உருவாக்கிச் சோதிப்பவை. 11 விழுக்காடு, புதிய தலையீடுகளைக் கண்டறிபவை. கொள்கை மற்றும் அமைப்பு சார்ந்தவை வெறும் 5 விழுக்காடு. அதாவது 80 கேள்விகளில் நான்கு. சுகாதாரச் சேவைகளை ஒருங்கிணைத்தல், நலிந்த பிரிவினர், பள்ளி, குடும்பம், ஆரம்ப சுகாதார மையம், ஊடகம் போன்ற களங்களின் வழியே எட்டுதல் ஆகியவை துறை வேறுபாடின்றி மேலே வந்தன. கால்வாசிக்கும் மேற்பட்ட கேள்விகள் இன்னும் விவரிப்பு நிலையிலேயே இருப்பது, மேலே சொன்ன தரவுப் பஞ்சத்தின் நேரடி வெளிப்பாடு. அந்த வகையில் பட்டியல் துறையின் நிலையை உண்மையாகவே காட்டுகிறது.

ஆனால் கண்டறிதலுக்குக் கிடைத்த 11 விழுக்காட்டை அப்படியே ஏற்க முடியவில்லை. அளவுகோல்களைத் திரும்பப் பாருங்கள்: விடை காண முடியுமா, நடைமுறைப்படுத்த முடியுமா. ஏற்கெனவே பாதி தெரிந்த ஒன்றுதான் இந்த இரண்டிலும் நல்ல மதிப்பெண் பெறும். இரும்புச்சத்து மாத்திரையைப் பள்ளியில் கொடுப்பதா, சுகாதார மையத்தில் கொடுப்பதா என்ற கேள்விக்கு இரண்டிலும் 1 கிடைக்கும். பருவமடையும் காலத்தில் தூக்கமும் கைப்பேசித் திரையும் மூளை வளர்ச்சியோடு எப்படி இடைவினை புரிகின்றன என்ற கேள்விக்கு, விடை காண முடியுமா என்பதில் தயக்கம், நடைமுறைப்படுத்த முடியுமா என்பதில் வெற்றிடம். இரண்டாவது கேள்வி முக்கியமற்றது என்று யாரும் சொல்லவில்லை. முறையே அதைக் கீழே தள்ளிவிடுகிறது. இளங்குழந்தைகளின் இறப்பைக் குறைப்பதற்காக வடிவமைக்கப்பட்ட கருவி என்பதால் இந்தச் சாய்வு இயல்பானது. பிள்ளைப்பேற்றிலும் நிமோனியாவிலும் என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்திருந்தது, கொண்டுசேர்ப்பதுதான் குறையாக இருந்தது. வளரிளம் பருவத்தில் நிலைமை அப்படியில்லை. 11 முதல் 17 வயது வரையிலானோரில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேலானோர் போதிய உடற்செயல்பாடு இல்லாதவர்கள் என்பது தெரியும். அதை நீண்ட காலத்துக்கு மாற்றக்கூடியது எது என்பதில்தான் அறிவு மெலிந்து நிற்கிறது. எனவே விவரித்தல், கண்டறிதல், உருவாக்குதல், கொண்டுசேர்த்தல் என்ற நான்கு வகைகளையும் ஒரே பட்டியலில் போட்டியிட விடாமல், வகைக்கு ஒரு பட்டியலாக வரிசைப்படுத்துவதே இந்தத் துறைக்குப் பொருத்தம்.

துறைகளைத் தனித்தனியே வரிசைப்படுத்தியதிலும் ஓர் இழப்பு உண்டு. மனநலத்தில் முதல் கேள்வி எது, ஊட்டச்சத்தில் முதல் கேள்வி எது என்று தெரிந்துகொள்ளலாம். கையில் இருக்கும் பணத்தை இரண்டில் எதற்குக் கொடுப்பது என்று இந்தப் பட்டியல் சொல்லாது. வேறுவேறு ஆட்கள் இட்ட மதிப்பெண்களை ஒப்பிடக் கூடாது என்பது முறைப்படி சரிதான். ஆனால் பதினைந்து வயதில் திருமணமாகிக் கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு இரத்தசோகையும் மனச்சோர்வும் வீட்டு வன்முறையும் தனித்தனித் துறைகளாக வருவதில்லை.

இனி, மதிப்பெண் இடுபவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். இந்த முறையில் நான் காணும் குறைகளில் பெரியது இதுவே. இந்த முறையின் அடிப்படை, பலரின் தனித்தனி மதிப்பீடுகளைச் சேர்த்தால் ஒருவரின் தீர்ப்பைவிடச் சரியான விடை கிடைக்கும் என்ற கூட்டறிவுக் கோட்பாடு. 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரின் கண்காட்சியில் ஓர் எருதின் எடையை ஊகித்த ஏறத்தாழ 800 பேரின் சீட்டுகளை அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் ஆராய்ந்தபோது, அவற்றின் நடுமதிப்பு உண்மையான எடையிலிருந்து ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே விலகியிருந்தது. எருது அவர்கள் அனைவரின் கண்முன்னும் நின்றுகொண்டிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. வளரிளம் பருவத்தினரின் அன்றாடம் வல்லுநர்களின் கண்முன் அப்படி நிற்பதில்லை. அவர்கள் பார்ப்பது மருத்துவமனைக்கு வந்தவர்களை, பள்ளியில் படிவம் நிரப்பியவர்களை, ஆய்வுக்குச் சம்மதித்தவர்களை. யாரும் பார்க்காத பகுதியில் 142 பேரின் கூட்டறிவும் இருட்டில்தான் இருக்கும். 2016 தேர்வு வல்லுநர்களை எல்லாப் புவியியல் பகுதிகளிலிருந்தும் தேடிச் சேர்த்தது, திட்டங்களைக் களத்தில் நடத்துபவர்களையும் உள்ளடக்கியது, இது பாராட்டுக்குரியது. இருந்தாலும் அது பெரியவர்கள் இளையவர்களைப் பற்றி எழுதிய பட்டியலே.

இந்த இடத்தில்தான் ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பின் முறை மேலோங்குகிறது. 2004இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, நோயாளிகள், அவர்களைக் கவனித்துக்கொள்வோர், மருத்துவத் துறையினர் ஆகிய மூவரையும் சம உரிமையோடு உட்காரவைத்து முதல் பத்துக் கேள்விகளைத் தேர்வுசெய்கிறது. கேள்விகள் பொதுமக்களிடமிருந்தே திரட்டப்படுகின்றன. அதைவிட முக்கியமாக, அவற்றுக்கு ஏற்கெனவே விடை இருக்கிறதா என்று ஆய்விலக்கியத்தில் தேடிப் பார்த்த பிறகே அவை பட்டியலில் ஏறுகின்றன. சிஎச்என்ஆர்ஐயில் இந்தச் சோதனை கட்டாயமில்லை. மதிப்பீட்டாளரின் நினைவாற்றலை நம்பியே வண்டி ஓடுகிறது. குழந்தைகள் மற்றும் இளையோரின் மனநலம் குறித்து மெக்பின் அறக்கட்டளை இதே முறையில் நடத்திய தேர்வின் முடிவு 2018இல் வெளியானது. அதில் இளையோரே பங்கேற்றார்கள். முடியாத காரியம் அன்று என்பதற்கு இது போதும். குறைகளும் உண்டு: ஓராண்டுக்கும் மேல் ஆகும், நடுநிலையான நெறியாளர் வேண்டும், இறுதிக் கூட்டத்தில் பேச்சு வன்மை உள்ளவர் வெல்லும் பழைய நோய் முழுவதும் தீர்வதில்லை, எட்டுத் துறைகளைப் பல நாடுகளுக்குச் சேர்த்து நடத்துவது கனவிலும் இயலாது. 1950களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் உருவான, வல்லுநர்களிடம் பல சுற்றுகளாகக் கருத்துக் கேட்கும் டெல்ஃபி முறையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றுக்குச் சுற்று மற்றவர்களின் சராசரியைக் காட்டிக் காட்டி எல்லோரையும் நடுவுக்கு இழுப்பதால், மாறுபட்ட கருத்துக்கு மதிப்பு வேண்டிய துறைக்கு அது உகந்ததாகத் தோன்றவில்லை.

இளையோரைச் சேர்ப்பது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம் கருத்துக் கேட்பதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெரும்பாலும் பெற்றோர் அனுமதியும் தேவை. கருத்தடை, தற்காயம், போதை, வீட்டு வன்முறை ஆகியவை பற்றிக் கேட்கப்போகிறோம் என்று பெற்றோரிடம் தாளை நீட்டினால், எந்தப் பிள்ளையின் குரல் நமக்கு மிகவும் தேவையோ அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்துதான் மறுப்பு முதலில் வரும். வளரிளம் பருவத்தினரிடம் பாலியல், இனப்பெருக்க நல ஆய்வு நடத்துவதற்கான நெறிமுறைகள் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, பெற்றோர் அனுமதி பற்றிய இந்தச் சிக்கலையும் விவாதிக்கிறது. முன்னுரிமைத் தேர்வு நடத்துபவர்கள் தொடக்கத்திலேயே அதைப் படித்துவிடுவது நல்லது. அதோடு, பதினான்கு வயதுப் பிள்ளையிடம் நோய்ச்சுமை குறைப்பு, கொண்டுசேர்க்கும் வாய்ப்பு என்ற கட்டங்களை நிரப்பச் சொல்வது கேலிக்கூத்து. அவர்களுக்கு உரிய இடம் இரண்டு: கேள்விகளைத் திரட்டும் முதல் கட்டம், அளவுகோல்களுக்கு எடை கொடுக்கும் கட்டம். எது உங்களுக்கு முக்கியம் என்று கேட்டால் அவர்கள் தெளிவாகவே பதில் சொல்வார்கள். எடைகளைத் துறைக்கு வெளியே உள்ளவர்களிடம் கேட்டுப் பெறுவதற்கு மூல முறையிலேயே வழி இருக்கிறது. அந்தக் கதவை வளரிளம் பருவத் தேர்வுகள் போதுமான அளவு திறக்கவில்லை என்பதே என் வருத்தம்.

பட்டியல் வெளியான பின் என்ன ஆகிறது என்பதைப் பற்றி இந்த முறை கிட்டத்தட்ட ஒன்றும் சொல்வதில்லை. யார் பொறுப்பேற்பது, எந்தக் கேள்விக்கு நிதி கிடைத்தது என்று யார் பார்ப்பது, எப்போது திரும்ப வரிசைப்படுத்துவது என்பவை எல்லாம் நடத்துபவரின் நல்ல மனத்தைப் பொறுத்தவை. ஆய்வு முன்னுரிமை வகுப்பதற்கென 2010இல் வெளியான ஒன்பது அம்ச நற்பழக்கப் பட்டியலும், 2019இல் வெளியான ரிப்ரைஸ் என்ற அறிக்கையிடல் வழிகாட்டியும் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. சிஎச்என்ஆர்ஐயோடு இவற்றையும் சேர்த்தே கையில் எடுக்க வேண்டும். வளரிளம் பருவத்துக்குக் காலாவதி தேதி மற்ற துறைகளைவிட முன்னதாகவே வரும். 2016 பட்டியலுக்குப் பிறகு ஒரு பெருந்தொற்று பள்ளிகளை மூடித் திறந்துவிட்டது, மின்சிகரெட் பரவியது, சமூக ஊடகம் பிள்ளைகளின் படுக்கையறை வரை வந்துவிட்டது. அளவிடும் பக்கத்தில் முன்னேற்றம் உண்டு: வளரிளம் பருவ நலனை அளவிடுவதற்காக 2018இல் அமைந்த வல்லுநர் குழு 47 சுட்டிகளை (நலனை அளக்கும் அளவீடுகளை) பரிந்துரைத்திருக்கிறது. விவரிப்பு வகைக் கேள்விகளில் எவை இனி தேவையில்லை என்பதை இந்தச் சுட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தே புதிய தேர்வைத் தொடங்கலாம்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? பல நாடுகளில் பரவிக்கிடக்கும் வல்லுநர்களை ஒரே அறைக்கு அழைக்கப் பணமில்லாத அமைப்புகளுக்கும், தங்கள் தேர்வை வெளியாருக்கு நியாயப்படுத்த வேண்டிய நிதியளிப்போருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒற்றை நோய் அல்லது ஒற்றைச் சேவை பற்றி மட்டும் முடிவெடுக்க விரும்பும் சிறு குழுக்கள் ஜேம்ஸ் லிண்ட் முறையை நாடுவதே மேல். இரண்டையும் இணைக்க முடிந்தவர்கள், கேள்விகளை இளையோரிடமிருந்தும் களப்பணியாளர்களிடமிருந்தும் திரட்டி, விடை ஏற்கெனவே உள்ளவற்றை நீக்கி, மீந்ததை சிஎச்என்ஆர்ஐ தாளில் ஏற்றலாம். அப்படிச் செய்பவர்கள் முடிவை வெளியிடும்போது, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மதிப்பெண்ணோடு உடன்பாட்டு விழுக்காட்டையும், எத்தனை பேர் வெற்றிடம் விட்டார்கள் என்ற எண்ணையும் அதே அட்டவணையில் அச்சிட வேண்டும்; 10 முதல் 14 வயதினர் பற்றிய கேள்விகள் எவை என்று தனியாகக் குறித்துக் காட்டவும் வேண்டும்.